கொரோனா காலத்தில் வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பி வீட்டுத் தனிமையில் இருந்த அனுபவம் எப்படி?

எல்லோரும் விமானத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் விமானமெல்லாம் ஒரு விஷயமே இல்லை, வீட்டில் எத்தனை கக்கூஸ் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

நான் குடியாத்தம். 2020 ஜூன் நடுவில் துபாயிலிருந்து வந்தேன். மார்ச் 23-லிருந்து வெளிநாட்டு விமானங்களை நிறுத்திவிட்டார்கள், ஏப்ரலில் வேலை போனது. மே 7-ல், வெளிநாட்டில் சிக்கியவர்களை அரசு அழைத்து வந்த வந்தே பாரத் விமானங்கள் ஆரம்பித்ததும் பெயரைப் பதிந்து வைத்தேன், கர்ப்பிணிகள், நோயாளிகள் எல்லோரும் போய் என் முறை வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கிடைத்தது நடு சீட். நடு சீட்டை முடிந்தவரை காலியாக விட வேண்டும், முடியாவிட்டால் அதில் உட்காருகிறவருக்கு மேலே போர்த்த ஓர் அங்கி கொடுக்க வேண்டும் என்று அப்போதுதான் உத்தரவு வந்திருந்தது. வெள்ளை அங்கி, மாஸ்க், அதற்கு மேல் முகத்தை மறைக்க ஒரு பிளாஸ்டிக் தகடு என்று, ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகிற ஆள் மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். மாஸ்க்கைக் கழற்றப் பயந்து சென்னை வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

அப்போதைய விதி 7+7. முதல் ஏழு நாள் வெளியே முகாமிலோ ஓட்டலிலோ, அடுத்த ஏழு நாள் வீட்டில். கிருமி உள்ளே போய் ஐந்தாறு நாளில் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும், சிலருக்கு 14 நாள் வரை இழுக்கும், அதனால்தான் அந்தக் கணக்கு. ஓட்டலுக்குக் காசில்லை, ஒரு கல்லூரி விடுதியில் இருந்தேன். மூக்கில் குச்சி விட்டு எடுத்த டெஸ்டில் நெகட்டிவ் என்று வந்தது.

அங்கிருந்து ஊருக்கு வந்ததுதான் கூத்து. நான் கிளம்புகிற நேரம் சென்னையில் ஜூன் 19 முதல் 30 வரை முழு ஊரடங்கு. இ-பாஸ் வாங்கி, வாலாஜா, வேலூர் தாண்டி பள்ளிகொண்டாவில் திரும்பி தெருவுக்குள் கார் நுழைந்தால், யாரும் "துபாயிலிருந்தா?" என்று கேட்கவில்லை. "மெட்ராஸ்லேர்ந்தா வர்றே?" என்றுதான் கேட்டார்கள். எதிர்வீட்டு அக்கா பதிலுக்குக்கூட நிற்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டார். அந்த மாதம் தமிழ்நாட்டு நோயாளிகளில் பெரும்பங்கு சென்னையில்தான் என்பதால் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

அன்று சாயங்காலமே வந்து கதவில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். "உள்ளே நுழையாதே." நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நோயைவிட அந்த 'நுழையாதே'தான் பெரிய குறை. "இன்னாடா இது, நுழையாதீர்கள்னு மரியாதையா போடக் கூடாதா" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனக்குக் கொடுத்தது மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறை. ஜூன் மாத வேலூர் வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே மதியம் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கக்கூஸ் கீழே, ஒன்றே ஒன்று, அதுவும் சமையல்கட்டைத் தாண்டி. நைனாவுக்கு சுகர், வயது அறுபதுக்கு மேல். கடைசியில் அம்மாதான் வழி கண்டுபிடித்தார். நான் மிஸ்டு கால் கொடுப்பேன், அம்மா சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு "ம், வா" என்று குரல் கொடுப்பார், நான் சுவரைத் தொடாமல் இறங்கிப் போய், முடித்ததும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, கதவைத் திறந்து வைத்துவிட்டு மேலே போய் இன்னொரு மிஸ்டு கால். அரை மணி நேரம் கழித்துத்தான் மற்றவர்கள் போவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வயிறு கலக்கினாலும் இதே கதைதான், அம்மா அந்த ஒரு வாரம் சரியாகத் தூங்கவே இல்லை. விதி எழுதுகிறவர்கள் 'தனி அறை, தனிக் கழிப்பறை' என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள், எங்கள் தெருவில் அப்படி எத்தனை வீடு இருக்கிறது என்று யாராவது எண்ணிப் பார்த்திருப்பார்களா தெரியாது.

சாப்பாடு படிக்கட்டின் மூன்றாம் படிக்கு வரும். தட்டை நானே கழுவி வெயிலில் கவிழ்த்து வைப்பேன். தினமும் காலையில் கபசுரக் குடிநீர், கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. அதைக் குடித்ததும் காபித்தூள் டப்பாவை மோந்து பார்ப்பேன், வாசனை வந்தால் அன்றைக்குப் பிழைத்தோம் என்று அர்த்தம். ஐந்தாம் நாள் மூக்கு அடைத்துக்கொண்டு வாசனை சரியாகத் தெரியவில்லை, யாரிடமும் சொல்லாமல் வியர்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மதியம் கீழே முள்ளுக் கத்திரிக்காயும் கருவாடும் போட்டுக் குழம்பு கொதித்தபோது அந்த வாசனை மாடி வரை வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதை இன்றுவரை அம்மாவிடம் சொன்னதில்லை.

2022 ஜனவரியில் இன்னொரு முறை வந்தேன். 72 மணி நேரத்துக்குள் எடுத்த டெஸ்ட், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கான ஏர் சுவிதா இணையதளத்தில் ஃபார்ம், ஏழு நாள் வீட்டில், எட்டாம் நாள் மறுபடி டெஸ்ட். அதற்குள் மாடியிலேயே ஒரு பாத்ரூம் கட்டிவிட்டிருந்தோம், அதனால் சொல்ல ஒன்றுமில்லை. பிப்ரவரி 14-லிருந்து அந்த ஏழு நாளையும் எடுத்துவிட்டார்கள்.

சரி, முதல் தடவைக்கு வருகிறேன். எட்டாம் நாள் காலையில் நைனா ஈரத்துணியை வைத்து ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தார், கூடவே கதவின் பெயின்டும் உரிந்து வந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அக்கா தலையை நீட்டி, "இன்னாப்பா, கோடாலித் தைலம் எதுனா எடுத்தாந்தியா?" என்றார்.