விமானம் ஏற வெட்கம்

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கும் என் மகள், பருவநிலை மாற்றத்தைக் காரணம் காட்டி, இனிமேல் கோவைக்கு விமானத்தில் வரவே மாட்டேன் என்கிறாள். ஸ்வீடன் நாட்டு இளைஞர்கள் விமானம் ஏறவே வெட்கப்படுகிறார்களாம். இதனால் உண்மையில் பலன் உண்டா, அல்லது இது வெறும் இளமை வேகமா?
– வாசகர், கோவை.

பதில்: வேகம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியா உட்பட 10 நாடுகளில், 16 முதல் 25 வயது வரையிலான 10,000 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், 59 சதவீதத்தினர் பருவநிலை பற்றி மிகுந்த கவலை கொண்டிருப்பதாகத் தெரிவித்தனர். ஆனால் கவலை வேறு, பயணச்சீட்டு வேறு.

விமானம் ஏறக் கூசும் அந்த உணர்வுக்கு ஸ்வீடிஷ் மொழியில் 'ஃப்ளிக்ஸ்காம்' என்று பெயரே உண்டு. அந்நாட்டின் இளம் பருவநிலைப் போராளி கிரேட்டா துன்பெர்க் விமானத்தைத் தவிர்த்து, 2019 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்குக் கழிப்பறை கூட இல்லாத பாய்மரப் படகில் 15 நாள் பயணம் செய்தார். (அந்தப் படகைத் திருப்பி ஓட்டி வருவதற்குச் சிலர் நியூயார்க்குக்கு விமானத்தில்தான் போக வேண்டியிருந்தது என்பது வேறு கதை.)

அதே ஆண்டு ஸ்வீடனின் முக்கிய விமான நிலையங்களில் பயணிகள் எண்ணிக்கை ஏறத்தாழ 4 சதவீதம் குறைந்தது. கவனிக்க வேண்டியது, அது எங்கே குறைந்தது என்பதைத்தான்: உள்நாட்டுப் பயணம் சுமார் 9 சதவீதம் சரிந்தபோது, வெளிநாட்டுப் பயணம் 2 சதவீதமே இறங்கியது. 2018-இல் வந்த விமான வரியும், நாணய மதிப்பின் வீழ்ச்சியும் இதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். எனினும் ஸ்டாக்ஹோமிலிருந்து கோத்தன்பர்க்குக்கு ரயிலில் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம், தாய்லாந்துக்கு அப்படிப் போக வழியில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. மாற்று வழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இடத்தில்தான் வெட்கம் வேலை செய்தது என்பது என் கருத்து. ஸ்டாக்ஹோமுக்கும் ஜெர்மனியின் ஹாம்பர்க்குக்கும் இடையே 2022-இல் இரவு ரயில் விட்டது, ஆயிரம் பிரசாரங்களை விடப் பெரிய காரியம்.

உங்கள் மகளுக்கு அந்த மாற்று வழி இருக்கிறது. சென்னை–கோவை வந்தே பாரத் சுமார் 6 மணி நேரத்தில் வந்து சேர்கிறது. மீனம்பாக்கத்துக்கு முன்கூட்டியே போய்ச் சோதனைக்குக் காத்திருந்து, பீளமேட்டில் இறங்கிப் பெட்டிக்காக நிற்கும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால், விமானத்தில் மிச்சமாகும் நேரம் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. இரவில் படுத்துக்கொண்டே வர சேரன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. தீபாவளிக்குத்தான் சிக்கல்: 60 நாட்களுக்கு முன்பு காலை 8 மணிக்கு முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே இடங்கள் தீர்ந்துவிடும். அந்தக் காலையில் கணினி முன் உட்காரும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாமே.