தட்டில் ஆழம் கூடியும் அலையின் வேகம் மாறாதது ஏன்?

வணக்கம் ஆசிரியரே. தட்டிலுள்ள நீரின் ஆழத்தைக் கூட்டியும் அலையின் வேகம் மாறவில்லை என்று மாணவர்கள் குழம்புவதாக எழுதியிருந்தீர்கள். விரலால் தொட்டு எழுப்பும் சிற்றலைகளின் நீளம் ஓரிரு சென்டிமீட்டர்தான் என்பதால், அவற்றின் வேகத்தைப் பரப்பு இழுவிசையும் (நீரின் மேற்பரப்பைச் சுருக்க முயலும் விசை) புவியீர்ப்புமே தீர்மானிக்கின்றன. தட்டின் அடித்தளம் அவற்றை அநேகமாகப் பாதிப்பதில்லை.

ஆகவே விரலை விட்டுவிட்டு, அரை மீட்டர் நீளமுள்ள செவ்வகத் தட்டின் ஒரு முனையைச் சிறிதளவு உயர்த்திச் சட்டென்று இறக்குங்கள். தட்டின் நீளம் முழுவதையும் தழுவும் அலை எழுந்து, இரு முனைகளுக்கும் இடையே போய்வரும். இத்தகைய நீண்ட அலையின் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கிக் கிடைப்பதன் வர்க்கமூலம் ஆகும்: 1 செ.மீ. ஆழத்தில் நொடிக்குச் சுமார் 31 செ.மீ., 4 செ.மீ. ஆழத்தில் ஏறத்தாழ அதன் இரு மடங்கு. ஆழம் நான்கு மடங்காகும்போது வேகம் இரண்டு மடங்கே ஆவதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். அலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும் ஒரே கடப்பை மட்டும் அளந்தால் கடிகாரத்தை அழுத்தும் தாமதமே பெரும் பிழையாகிவிடும் என்பதால், நான்கைந்து கடப்புகளின் மொத்த நேரத்தை அளந்து வகுக்கச் சொல்லுங்கள்.