அண்ணன் தம்பி இசைக்குழுவில் பாட்டு யார் பெயரில் வர வேண்டும்?

பாடலாக்கத்துக்கான பெயர் வரிகளையும் மெட்டையும் உருவாக்கியவருக்கு உரியது. பாடியது, கிட்டார் வாசித்தது எல்லாம் வேறு கணக்கு. அண்ணன் தம்பி குழுக்களில் எந்தப் பாட்டை யார் எழுதினார் என்று ரசிகர்கள் மல்லுக்கட்டுவதில் நியாயம் உண்டு. நாளை வேறொருவர் அந்தப் பாட்டைப் பாடினாலும் ராயல்டி எழுதியவருக்கும் போகும்.

நம் மலையகத்தில் அக்காவும் தங்கையும் ஒரே நிரையில் கொழுந்து பறித்தாலும், நிறுவையில் அவரவர் கிலோ தனியாகத்தான் பதிவாகும். இரண்டு கூடையையும் ஒன்றாகக் கொட்டிவிட்டால் பிறகு பிரிக்க வழியில்லை. பாட்டிலும் சிக்கல் இதுதான். வீட்டு ஆட்கள் என்பதால் யாரும் எழுதி வைப்பதில்லை. பீச் பாய்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவில் வில்சன் சகோதரர்களின் அத்தை மகன் மைக் லவ், தான் சேர்ந்து எழுதிய பாட்டுகளில் தன் பெயர் இல்லை என்று, சகோதரர்களில் ஒருவரான பிரையன் வில்சன் மீது 1992இல் வழக்குப் போட்டார். 1960களின் பாட்டுகள் உட்பட 35 பாடல்களில் மைக் லவ் பெயரும் சேர்ந்தது 1994இல்தான்!

அட்டனிலோ பதுளையிலோ குழு நடத்துபவர்கள் ஒலிப்பதிவு முடிந்த அன்றே ஒரு தாளில் பாட்டின் பெயர், வரி யார், மெட்டு யார், ஆளுக்கு எத்தனை வீதம், திகதி எல்லாம் எழுதி எல்லோரும் கையொப்பம் வையுங்கள். மெட்டை முணுமுணுத்துப் பதிந்த போன் பதிவுகளை அழிக்காதீர்கள்.

மூன்று பெயர் இருந்தால் மூவருக்கும் சமபங்கு என்று பலர் நினைக்கிறார்கள். 50, 30, 20 என்றும் பிரித்திருக்கலாம்.