பழைய குசினியை இடிப்பதா?

கேள்வி: அக்கா, ஊரில் புது வீடு கட்டுகிறோம். உள்ளுக்குள்ளேயே மாபிள் பதித்த காஸ் குசினி வருகிறது. பின்வளவில் நிற்கும் அம்மம்மாவின் ஓலைக் குசினியை இடிக்க அம்மா விடுகிறா இல்லை. என்ன செய்யலாம்?
— வாசகி, அச்சுவேலி

பதில்: நான் அம்மாவின் பக்கம், தங்கச்சி. பட்டுத் தெளிந்தவள் சொல்கிறேன்.

வீடு திருத்தியபோது நானும் எங்கள் வெளிக் குசினியைப் பிரித்தேன். கரி ஏறிய சுவரும் விறகு அடுக்கிய பரணும் போனதில் அப்போது பெருமைதான். அடுத்த மாதம் ஒடியல் கூழ் காய்ச்சினேன். பெரிய பானை காஸ் அடுப்பில் சரிந்து சரிந்து நின்றது. நண்டும் இறாலும் அவிந்த மணம் மூன்று நாள் கட்டில் விரிப்பை விட்டுப் போகவில்லை. தூளுக்கு மிளகாய் வறுத்த அன்று அறைக்குள் படித்துக்கொண்டிருந்த மகன் தும்மித் தும்மி வீதிக்கே ஓடிவிட்டான்.

பிறகு 2022இல் இலங்கை முழுக்கக் காஸ் தட்டுப்பாடு வந்தது. சிலிண்டருக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பினோம். வளவு நிறையக் கங்குமட்டை, ஊமல், பொச்சு, எரிக்கத்தான் இடமில்லை. பக்கத்து வீட்டு மாமி தன் குசினியில் ஒரு அடுப்பை எனக்கு விட்டுத் தந்தா. நீற்றுப்பெட்டியையும் மாவையும் தூக்கிக்கொண்டு வேலி கடந்து போய்ப் பிட்டு அவித்தேன்.

அதற்காக அம்மம்மா காலத்துக் குசினியை அப்படியே வைத்திருக்கச் சொல்லமாட்டேன். குந்தியிருந்து ஊதி ஊதி அவர்களுக்குக் கண்ணும் போனது, நெஞ்சும் போனது. ஓலையைக் கழற்றி ஓடு போடுங்கள். புகைக்கூடு கட்டாயம். அடுப்பை நின்று சமைக்கும் உயரத்துக்கு மேடையில் ஏற்றுங்கள். குசினி வீட்டுக்குத் தென்மேற்கே என்றால் சோளகக் காற்றில் புகை நேரே உள்ளே வரும்; அந்தப் பக்க வீட்டு யன்னல்களை யோசித்து வையுங்கள். தேத்தண்ணியும் பிள்ளைகளின் முட்டைப் பொரியலும் காஸில் நடக்கட்டும்.

(குசினி என்ற சொல்லே போர்த்துக்கீசர் விட்டுப்போனது. அவர்கள் போய் முந்நூறு வருடத்துக்கு மேலாகியும் நாங்கள் அதை இடிக்கவில்லை!)

ஓடு மாற்றும்போது அம்மியை வெளியே எடுக்க இரண்டு பேரைப் பிடியுங்கள். எங்களுடையதை நான் தனியே உருட்டப்போய், கதவுநிலையில் மோதி ஒரு மூலை உடைந்து கிடக்கிறது.