அட்டைச் சுவரும் கண்ணாடி டாலெக்கும்

கேள்வி: பழைய அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களைத் திரும்பப் பார்ப்பது பற்றிக் கடந்த இதழில் நான்கு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். அட்டைச் சுவரும் றப்பர் முகமூடியுமாக எடுக்கப்பட்ட அவற்றைப் பார்த்து என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அந்தத் தொடர்களையும் படங்களையும் ஒட்டி எழுதப்பட்ட நாவல்களை வேறு படிக்கச் சொல்கிறீர்கள். படத்தைக் காட்டிக் காசு பார்த்தவர்கள் மிச்சத்தையும் விற்பதற்குச் செய்த வேலைதானே அது? நம்மவர் எழுத்துக்கே இடம் போதாதபோது இது தேவையா?
— வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். அதே இதழில் நம்மவர் சிறுகதைகள் மூன்று வந்திருந்தன. அவற்றைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

அட்டைச் சுவர் விடயத்துக்கு மட்டக்களப்பு வாசகர் ஒருவருக்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது. வடமோடிக் கூத்தில் கரப்புடுப்பு என்னும் விரிந்த அரச உடையோடு ஓர் அரசன் வட்டக்களரி என்னும் வட்டமான ஆடுகளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் அவன் நாடு கடந்து காட்டுக்குப் போய்விட்டான் என்று ஏற்றுக்கொள்கிறோமே தவிர, மரம் எங்கே என்று கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரிடம் எவரும் கேட்பதில்லை. 1966இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் ஆட்கள் ஓரிடத்தில் கரைந்து இன்னோரிடத்தில் தோன்றுவதும், வாரந்தோறும் விண்கலத்தைத் தரையிறக்கிக் காட்டப் பணம் போதாததால் பிறந்த உபாயம்தான். அதற்கு மாறாக, எழுபதுகளில் பெரும் செலவில் எடுக்கப்பட்ட 'ஸ்பேஸ்: 1999' தொடரின் மாதிரிக் கலங்கள் இன்றும் அழகாகவே இருக்கின்றன, ஆனால் அணுக்கழிவு வெடித்து நிலவு தன் பாதையை விட்டு எறியப்பட்டு வாரம் ஒரு புதிய உலகத்தைச் சென்றடைகிறது என்ற கதையை இயற்பியல் படிக்கும் எந்த உயர்தர மாணவனும் தாங்கமாட்டான். பிள்ளைகள் சிரிக்கத்தான் வேண்டுமென்றால் பொருத்தமான இடங்களைக் காட்டிக்கொடுங்கள். 'ஸ்டார் ட்ரெக்'கின் முதல் முன்னோட்ட அத்தியாயத்தில் கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரி ஒரு பெண். தொடர் ஒளிபரப்பானபோது அந்தப் பாத்திரமே காணாமற்போய், பெண் அதிகாரிகள் குட்டைப் பாவாடையோடு பணிபுரிகிறார்கள். அது சிரிப்பதற்கு மட்டுமன்றிக் கோபப்படுவதற்கும் உரிய இடம். (1963இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த 'கலை அரசி'யில் வேற்றுக்கோள்வாசிகள் சங்கீதம் கற்பதற்காக நம் பாடகியைக் கடத்திச் செல்வதைப் பார்த்து நாமும் சிரித்தவர்கள்தாம். ஆயினும் இசையே அறியாத ஓர் உலகம் என்ற எண்ணம் இலேசானதல்ல.)

இனி நாவல்கள். அவற்றை மிச்சம் என்று நீங்கள் சொல்வது, விரும்பிய படத்தை விரும்பிய நேரத்தில் கைபேசியில் பார்க்க முடிகிற இன்றைய நிலையிலிருந்து கொண்டு சொல்வது. 1963 நவம்பரில் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்ற பிரித்தானியக் காலப்பயணத் தொடரின் அறுபதுகளின் அத்தியாயங்கள் பலவற்றை பிபிசியே அழித்துவிட்டது. ஒளிநாடா விலை கூடிய பொருளாக இருந்ததால் அதன்மேல் வேறு நிகழ்ச்சிகள் பதியப்பட்டன. நடிகர், இசைஞர் சங்கங்களுடனான ஒப்பந்தங்கள் மறுஒளிபரப்பையும் கட்டுப்படுத்தியிருந்தன. வெளிநாடுகளுக்கு விற்கப்பட்ட படச்சுருள்களில் சில ஹொங்கொங்கிலும் நைஜீரியாவிலும் பின்னர் கிடைத்தன என்றாலும், தொண்ணூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் நெடுங்காலமாகக் கிடைக்கவேயில்லை. 1966இல் நாயக நடிகர் வில்லியம் ஹார்ட்னெல் விலக, நாயகன் உருமாறுவதாகக் காட்டி பட்ரிக் ட்ரௌட்டன் அதே பாத்திரத்தை ஏற்ற, அத்தொடரின் வரலாற்றையே திருப்பிய அத்தியாயமும் அவ்வாறு தொலைந்தவற்றுள் ஒன்று; உருமாறும் அந்தச் சில விநாடிகள் மட்டும் வேறொரு நிகழ்ச்சியில் எடுத்துக் காட்டப்பட்டதால் தப்பின.

தொலைந்தவற்றை மக்கள் எவ்வாறு வைத்துக்கொண்டார்கள்? ஒன்று ஒலி: வீட்டிலிருந்தே ஒலிநாடாவில் பதிந்துவைத்த ரசிகர்களின் தயவால் தொலைந்த எல்லா அத்தியாயங்களின் குரலும் இன்று நம்மிடம் உண்டு. மற்றையது, 1973 முதல் 'டார்கெட்' பதிப்பகம் அத்தொடரின் கதைகளைக் கொண்டு வெளியிட்ட சிறு நாவல்கள். அவற்றுள் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை டெரன்ஸ் டிக்ஸ் ஒருவரே எழுதினார். இலங்கை வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டும், கதை வசனப் புத்தகத்தைக் கைமாற்றிப் படித்தும், மின்சாரமில்லாத ஆண்டுகளில் மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில் படம் பார்த்து வந்தவர் வாயால் கதை கேட்டும் சினிமாவை அறிந்த ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. அவர்களுள் எவரும் இதை மிச்சம் என்று சொல்லமாட்டார்கள் என்றே எண்ணுகிறோம்.

அந்த நாவல்கள் எல்லாம் நல்லவை என்று நாம் வாதாடவில்லை. திரைக்கதையில் 'என்றான்', 'என்றாள்' சேர்த்து அவசரத்தில் அச்சுக்கு அனுப்பியவை ஏராளம். அவற்றைத் தயங்காமல் ஒதுக்கலாம். ஆனால் 1964இல் டேவிட் விட்டேக்கர் எழுதிய முதல் 'டாக்டர் ஹூ' நாவலை எடுத்துப் பாருங்கள். தொலைக்காட்சியில் இரு ஆசிரியர்கள் தம் மாணவியைப் பின்தொடர்ந்து போய் டாக்டரின் கலத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். நாவலிலோ பனிமூட்டம் கவிந்த ஒரு வெளியில், வாகன விபத்தொன்றின் நடுவே, அந்த ஆசிரியர்களுள் ஒருவரான இயன் என்ற பாத்திரம் தன் வாயாலேயே கதையைத் தொடங்குகிறது. அதில் உடல் முழுவதும் கண்ணாடியாலான, டாலெக் எனப்படும் இயந்திரக் கூட்டுக்குள் வாழும் எதிரிகளின் தலைவன் ஒருவன் வருகிறான். அன்றைய பிபிசி கலைக்கூடத்தின் காசுக்கு அப்படியொன்றைச் செய்திருக்க வழியில்லை. 1985இல்தான் கண்ணாடி டாலெக் திரைக்கு வந்தது. மிச்சம் என்று நீங்கள் சொல்லும் நூலின் பின்னால் படம் இருபது ஆண்டுகள் கழித்து நடந்திருக்கிறது.

அரை நூற்றாண்டு இந்நாட்டில் வாழ்ந்து, திருகோணமலைக் கடலில் மூழ்கி கோணேசர் ஆலயச் சிதைவுகளைப் பார்த்த ஆர்தர் சி. கிளார்க்கின் கதை இன்னும் சுவையானது. '2001' என்ற படத்தையும் நாவலையும் அவரும் இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக்கும் ஒரே காலத்தில் உருவாக்கினார்கள். 1968இல் இரண்டும் வெளிவந்தன. நாவலில் விண்கலம் சனிக் கோளுக்குப் போகிறது. சனியின் வளையங்களை நம்பும்படி திரையில் செய்ய முடியாததால் படத்தில் அது வியாழனோடு நின்றுவிடுகிறது. 1982இல் அடுத்த நாவலை எழுதியபோது கிளார்க் தம் சொந்த நூலை விட்டுவிட்டுப் படத்தின் வழியில் வியாழனையே எடுத்துக்கொண்டார். இவற்றுள் எது மூலம், எது மிச்சம் என்பதை நீங்களே எழுதியனுப்புங்கள். அந்தக் கடிதத்துக்கு இடம் தருகிறோம்.