மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில் ‘பர்ஸ்ட் சப்ரெஷன்’ என்று வந்தால் பிழைக்க வழியே இல்லையா?

இதயம் நின்று, சி.பி.ஆர். கொடுத்து மீட்டு, கண் திறக்காமல் வென்டிலேட்டரில் இருப்பவரைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தலைக்காயம், பக்கவாதம் என்றால் கணக்கே வேறு.

ரிப்போர்ட்டில் முதலில் இரண்டைத் தேடுங்கள்: இதயம் நின்று எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தது, அப்போது எந்த மயக்க மருந்து ஓடிக்கொண்டிருந்தது. அலைகள் திடீரென எழும்பி, பிறகு 10 மைக்ரோவோல்ட்டுக்கும் கீழே அடங்கிக் கிடப்பதுதான் பர்ஸ்ட் சப்ரெஷன்; பதிவில் பாதிக்கு மேல் அடக்கமாக இருக்க வேண்டும். புரோபஃபால் நிறைய ஏறினால் பழுதில்லாத மூளையிலும் இது வரும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மிடசோலத்தின் மயக்கம் நிறுத்திய பின்னும் நீடிக்கும். உடலைக் குளிர்வித்திருந்தால் மருந்து வெளியேற இன்னும் தாமதம். இவ்வளவு இருந்தும் மருந்தின் பெயர், டோஸ் எதுவுமில்லாத ரிப்போர்ட்டுகள்தான் நம்மூரில் கைக்கு வருகின்றன. முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு ‘கிளினிக்கல் கோரிலேஷன் தேவை’ (நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்) என்று ஒரு வரி!

24 மணி நேரம் தாண்டி, மருந்தின் பங்கும் இல்லாமல் அதே வடிவம் நீடித்தால் கெட்ட அறிகுறிதான், மழுப்ப விரும்பவில்லை. ஒவ்வொரு வெடிப்பும் (திடீரென எழும்பும் அலைக்கூட்டம்) முந்தையதை அச்சடித்தாற்போல் வந்தால் மேலும் மோசம். மாறாக, முதல் 12 மணி நேரத்துக்குள் இடைவிடாத, சாதாரண உயரமுள்ள அலைகள் திரும்பினால் நல்ல சேதி. ஒரு நாள் கழித்துத் திரும்பினால் அதற்கு அத்தனை மதிப்பில்லை.

மூளை பதில் தருகிறதா என்று அறிய, இ.இ.ஜி. ஓடும்போதே பெயர் சொல்லிக் கூப்பிட்டும் நகத்தை அழுத்தியும் அலை மாறுகிறதா என்று பார்ப்பார்கள். தசை இழுப்பும் பதிவில் மாற்றமாகத் தெரிவதால், ஒரே பதிவை இரண்டு நிபுணர்கள் இருவிதமாகப் படிப்பதுண்டு.

வலிப்பு போன்ற அலைகளை மருந்தால் அடக்கினால் எழுந்துவிடுவாரா என்றும் கேட்பார்கள். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 172 பேரிடம் நடந்த டெல்ஸ்டார் ஆய்வில் (2022) அப்படி அடக்கியும் முடிவு மேம்படவில்லை.

நான் டாக்டருக்கு எதிராக உங்களுக்குக் கொம்பு சீவிவிடுகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். 2021 ஐரோப்பிய வழிகாட்டுதலே ஒற்றை இ.இ.ஜி.யை நம்பச் சொல்லவில்லை. 72 மணி நேரத்துக்குப் பிறகும் நினைவின்றி, வலி கொடுத்தால் கையை இயல்பற்று மடக்குவதற்கு மேல் எதுவும் செய்யாதவரிடம் மட்டும், குறைந்தது இரண்டு கெட்ட அறிகுறிகள் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்கிறது: கண்மணி, கருவிழி அனிச்சைகள் இல்லாமை, ரத்தத்தில் என்.எஸ்.இ. (நரம்புச் செல்கள் சிதைந்தால் கசியும் புரதம்) 60-க்கு மேல், எம்.ஆர்.ஐ. பாதிப்பு போன்றவை.

ஆகவே மயக்க மருந்தை நிறுத்தி, அது வெளியேற அவகாசம் கொடுத்து மறுபடி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். எஸ்.எஸ்.இ.பி. (கை நரம்பைத் தூண்டி, செய்தி மூளையை எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை) வசதி இருந்தால் அதையும் கேளுங்கள். மயக்க மருந்து அதை அவ்வளவாகக் குழப்பாது.