யார் யாருக்குக் கடன்பட்டவர்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ராக் இசை கேட்டு வளர்ந்தவன். ராப் எனக்கு என்றுமே ஒட்டியதில்லை. ஒருவர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போவதை எப்படிப் பாட்டு என்று சொல்வது என்று நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன். சென்ற மாதம் தற்செயலாக, டேஞ்சர் மௌஸ் என்ற இசைத் தயாரிப்பாளர் 2004இல் செய்த ‘தி கிரே ஆல்பம்’ கேட்க நேர்ந்தது. பீட்டில்ஸின் ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ கிதாரின் மேல் ராப் பாடகர் ஜே-ஸீயின் ‘99 பிராப்ளம்ஸ்’ குரல். படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அதிலிருந்து ராக் பாடல்களோடு ராப் குரல்களைக் கலந்த மாஷப்களையே தேடித்தேடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ராக் இசை அடியில் வந்த பிறகுதான் அந்தப் பேச்சுக்கு உயிர் வந்து, எனக்குப் பாட்டாகக் கேட்கிறது.

என் அண்ணன் இதை ஏற்கவில்லை. “இரண்டு நல்ல பாட்டுகளைக் கெடுத்து ஒரு கெட்ட பாட்டு செய்கிறார்கள், அதுவும் திருடி” என்கிறார். மாஷப்பை ஒரு கலை வடிவம் என்று சொல்லலாமா? உரிமை பெறாமல் செய்தவற்றைக் கேட்பது தவறா? எந்தப் பாட்டிலிருந்தும் குரலைப் பிரித்துத் தரும் மென்பொருள்கள் வந்துவிட்ட பிறகு இதில் என்ன திறமை இருக்கிறது? முடிந்தால், கேட்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்றும் தாருங்கள்.

தங்கள் வாசகன்

*

அன்புள்ள நண்பருக்கு,

வந்த கடிதங்களை அடுக்கி வைத்து ஆற அமரப் பதில் எழுதுவதே என் வழக்கம். உங்கள் கடிதம் வரிசையைத் தாண்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது. சில வாரங்களாக நானும் இதையே வேறொரு முனையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் காரணம். நீங்கள் கலவையைக் கேட்கிறீர்கள். நான் கலப்பதற்கு முந்தைய வெறும் குரலை, பின்னணி ஏதுமில்லாத ராப் பதிவுகளை, இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்கிறேன்.

‘எழுந்து உட்கார்ந்துவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. இத்தனை காலம் காதைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் கையை எடுத்த கணத்தை மறைக்காமல் சொல்வது எளிதல்ல. வயது ஏற ஏற நம் ரசனையைச் சுற்றி நாமே வேலி போட்டு, அதற்கு நாமே காவலும் இருக்கிறோம். நீங்கள் தாண்டி வந்திருக்கிறீர்கள். வாழ்த்துகள்.

வாழ்த்து அத்தோடு முடிந்தது. ‘ராக் இசை அடியில் வந்த பிறகுதான் அந்தப் பேச்சுக்கு உயிர் வந்தது’ என்ற வரியை எழுதும்போது உங்களுக்குக் கொஞ்சமாவது கூசியிருக்க வேண்டாமா? வசதியான உறவினர் கைதூக்கிவிட்டதால் ஆளானவன் என்று ஒருவனைப் பற்றிப் பேசுவார்களே, அதே தொனி. மாஷப் பற்றி எழுதுகிற பலரிடமும் இந்தத் தொனியைக் காண்கிறேன். ராக் பெரிய இடம், ராப் அங்கே விருந்துக்கு வந்திருக்கிறது. இதைச் சும்மா விடுவதாக இல்லை.

நீங்கள் கேட்ட பாட்டையே எடுத்துக்கொள்வோம். ‘99 பிராப்ளம்ஸ்’ 2003இல் வந்த ஜே-ஸீயின் ‘தி பிளாக் ஆல்பம்’ தொகுப்பில் இருப்பது. அதற்கு மூல இசை அமைத்தவர் ரிக் ரூபின். அந்த இசையை அவர் எதிலிருந்து எடுத்தார் தெரியுமா? பில்லி ஸ்கொயர் என்ற ராக் பாடகரின் 1980ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் டிரம்ஸ். மவுண்டன் என்ற ராக் குழுவின் ‘லாங் ரெட்’ பாட்டிலிருந்து ஒரு துண்டு. நீங்கள் வெறும் பேச்சு என்று தள்ளிவைத்த பாட்டின் அடியில் ஏற்கெனவே ராக்தான் இருந்தது. உங்கள் காதில் அது விழவில்லை. பீட்டில்ஸ் என்று பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தபோது விழுந்தது.

இது விதிவிலக்கும் அல்ல. ராப்பின் தாய்வீடான ஹிப்ஹாப் பிறந்த கதையே இதுதான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் நடந்த விருந்தில் கூல் ஹெர்க் என்ற இளைஞர் இசைத்தட்டு சுழற்றினார். அந்த நாளைத்தான் ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். பாடகர் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகவே ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதை ஹெர்க் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் அந்த இடம் முடியும்போது மற்றொன்றில் அதே இடத்தைத் தொடங்கி, சில நொடிகளை நிமிடக்கணக்கில் நீட்டினார். அவர் சுழற்றிய தட்டுகளில் ஜேம்ஸ் பிரவுன் இருந்தார். பேப் ரூத் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘தி மெக்சிகன்’ பாட்டும் இருந்தது. டிரம்ஸ் நன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கடையில் எந்த அலமாரியில் இருந்த தட்டு என்று ஆடியவர்கள் யாரும் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று சொல்லி உங்களை விட்டுவிடுகிறேன். ஏரோஸ்மித் என்ற ராக் குழுவின் ‘வாக் திஸ் வே’ 1975இல் வந்தது. அதன் தொடக்கத்தில் வரும் டிரம்ஸை மட்டும் சுழலவிட்டு, அதன்மேல் ராப் செய்வது நியூயார்க் இளைஞர்களுக்கு வழக்கமாக இருந்தது. ரன்-டிஎம்சி என்ற ராப் குழுவினரும் அப்படிச் செய்தவர்கள்தான். பாடகர் வாயைத் திறப்பதற்குள் தட்டு மறுபடி தொடக்கத்துக்குப் போய்விடும் என்பதால் முழுப்பாட்டு அவர்களுக்குப் பழக்கமே இல்லை. 1986இல் ரிக் ரூபின் (ஆமாம், அதே ஆள்தான்) அவர்களையும் ஏரோஸ்மித்தின் ஸ்டீவன் டைலர், ஜோ பெரி இருவரையும் ஒரே கூடத்தில் நிறுத்தி, அந்தப் பாட்டைப் புதிதாகப் பதிவுசெய்தார். மூலப்பாட்டு அமெரிக்கப் பாடல் தரவரிசையில் எட்டியது 10ஆம் இடம். புதியது 4ஆம் இடம். ஏரோஸ்மித் அப்போது சரிந்து கிடந்த குழு. அடுத்த ஆண்டு அவர்கள் எழுந்து நின்றதில் இந்தப் பாட்டுக்குப் பெரிய பங்குண்டு. இப்போது சொல்லுங்கள், யாருக்கு யார் உயிர் கொடுத்தார்கள்?

என்னோடு ஒரே அறையில் ஒரு நண்பன் தங்கியிருந்தான். டிரம்ஸ் வாசிப்பவன். கையில் குச்சி இல்லாவிட்டால் மேசை, மேசை இல்லாவிட்டால் தன் தொடை, அதுவும் அலுத்தால் என் முதுகு. லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் டிரம்மர் ஜான் பானம்தான் அவனுக்குத் தெய்வம். நான் ராப் போட்டால் எழுந்து வந்து ஒன்றும் பேசாமல் நிறுத்திவிட்டுப் போவான். ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழுவின் 1986ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்து முதல் பாட்டைப் போட்டேன். செப்பலினின் ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ டிரம்ஸையும் பிளாக் சபாத்தின் கிதார் துண்டு ஒன்றையும் எடுத்து, அதன்மேல் ராப்பை ஏற்றிய பாட்டு அது. மாஷப் என்ற பெயர் பரவுவதற்கு வெகுகாலம் முன்பே வந்த மாஷப் என்றே சொல்வேன்.

முதல் அடி விழுந்ததுமே அவன் முகம் மலர்ந்துவிட்டது. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையில், மாடிப்படிக்குக் கீழே டிரம்ஸை வைத்து வாசிக்கச் செய்து, மேலிருந்து தொங்கவிட்ட மைக்குகளில் பதிவுசெய்த ஒலி அது. வேறெதனோடும் குழப்பிக்கொள்ள முடியாத முழக்கம். பிறகு மூன்று இளைஞர்கள் கத்தத் தொடங்கினார்கள். பாய்ந்து வந்தவன், பொத்தானில் விரலை வைத்தபடியே நின்றான். அழுத்தவில்லை. பாட்டு முடிந்ததும் சொன்னான்: “அந்த டிரம்ஸ் அப்படியே போய்க்கொண்டிருக்கக் கூடாதா என்று எத்தனை தடவை ஏங்கியிருக்கிறேன் தெரியுமா? மூலத்தில் மவுத் ஆர்கன் வந்து கெடுத்துவிடும்.” செப்பலின் பக்தன் வாயிலிருந்து வந்த வார்த்தை இது! ராப்பை அவன் அதற்குப் பிறகும் விரும்பவில்லை. ஆனால் நிறுத்துவதற்கு எழுந்து வரவும் இல்லை.

வெறும் குரலுக்கு வருகிறேன். ராப் இசைத்தட்டுகளில் டி.ஜே.க்கள் பயன்படுத்துவதற்காகக் குரல் மட்டும் உள்ள வடிவத்தையும் சேர்த்து வெளியிடுவது பழைய வழக்கம். ‘தி பிளாக் ஆல்பம்’ முழுவதுமே அப்படிக் குரல் மட்டுமாக வெளிவந்தது. டேஞ்சர் மௌஸ் கையில் எடுத்தது அதைத்தான். இத்தகைய பதிவுகளில் மூச்சை இழுக்கும் ஓசை தனியாகக் கேட்கும். சிலவற்றில், பாடியவர் காதில் மாட்டியிருந்த ஹெட்போனிலிருந்து கசிந்து மைக்கில் விழுந்த டிரம்ஸின் மெல்லிய சுவடுகூட இருக்கும். ‘99 பிராப்ளம்ஸ்’ பாட்டின் இரண்டாம் பகுதியை அப்படிக் கேட்டுப்பாருங்கள். 1994ஆம் ஆண்டு, சாலையில் காரை ஓட்டிச் செல்பவனைப் போலீஸ்காரர் மறிக்கிறார். இருவரின் பேச்சையும் ஒரே ஆள் செய்கிறார். போலீஸ்காரரின் வரிகளில் குரல் விறைத்துக்கொள்கிறது. தன் முறை வரும்போது தளர்ந்து, விழ வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் விழுகிறது. பயப்படாதவன்போல் நடிக்கும் ஒருவனின் நிதானம் அந்த மயிரிழைக்குள் இருக்கிறது. பின்னணியில் ஒன்றுமே கிடையாது, ஆனாலும் உங்கள் கால் தாளம் போடும். எந்த டிரம்ஸுக்கு? யாப்பு படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அசையும் சீரும் அமைந்த வரிக்கு மத்தளம் தேவைப்படுவதில்லை. இதையா உயிரில்லாத பேச்சு என்கிறீர்கள்?

நல்ல மாஷப் அபூர்வமாக இருப்பதும் இதனால்தான். பழைய ராக் பதிவுகளில் பெரும்பாலானவை மெட்ரோனோம் என்ற தாளக் கருவி இல்லாமல் வாசிக்கப்பட்டவை. பல்லவி நெருங்கும்போது டிரம்மர் உற்சாகத்தில் கொஞ்சம் முந்துவார், பிறகு தணிவார். ராப் குரலோ மாறாத இயந்திரத் தாளத்தை நம்பி, அதற்கு முன்னும் பின்னும் விளையாடுவது. இரண்டையும் அப்படியே சேர்த்தால் கொஞ்ச தூரத்திலேயே கால் இடறும். மென்பொருளைக் கொண்டு டிரம்மரை நேர்க்கோட்டில் நடக்கவைத்தால் இடறாது; ஆனால் அவர் வாசித்ததற்கான அடையாளமும் மிஞ்சாது. டேஞ்சர் மௌஸ் பீட்டில்ஸின் 1968ஆம் ஆண்டு வெள்ளை ஆல்பத்தை நறுக்கி, சின்னச் சின்ன அடிகளாகப் பொறுக்கியெடுத்து, ஜே-ஸீயின் குரலுக்கு ஏற்பப் புதிதாகக் கோத்தார். அதற்கு இசையமைப்பு என்றுதான் பெயர். வேகம் பொருந்திவிட்டால் போதும் என்று இரண்டு கோப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைக்கிறவர்கள் சுருதியைக்கூடக் கவனிப்பதில்லை. பேச்சுக்கு ஏது சுருதி என்ற நினைப்பு. பேசும் குரலும் எங்கோ ஓரிடத்தில் நிலைகொண்டுதான் இருக்கும். கிதார் அதை ஒட்டி உரசினால் பல் கூசும்.

உங்கள் அண்ணனின் திருட்டு வாதத்துக்கு அதிக இடம் தரப்போவதில்லை. என் நண்பன் கொண்டாடிய செப்பலினின் ‘லெவி’ பாட்டே கான்சாஸ் ஜோ மக்காயும் மெம்பிஸ் மின்னியும் 1929இல் பதிவுசெய்த புளூஸ் பாட்டுதான் என்று மட்டும் சொல்லிவையுங்கள். செப்பலின் குழுவினர் அதில் மின்னியின் பெயரைப் போட்டார்கள். அவர்களுடைய இன்னொரு பாட்டான ‘ஹோல் லாட்டா லவ்’ விஷயத்தில், புளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்த பிறகுதான் வழிக்கு வந்தார்கள். ‘தி கிரே ஆல்பம்’ வந்தபோது, பீட்டில்ஸ் பதிவுகளின் உரிமையை வைத்திருந்த இஎம்ஐ நிறுவனம் அதை நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. அதை எதிர்த்து 2004 பிப்ரவரி 24 அன்று சுமார் 170 இணையதளங்கள் ஒருநாள் முழுக்க அந்தத் தொகுப்பை இலவசமாகத் தந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் இறங்கின. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2006 கிராமி இசை விருது மேடையில் லிங்கின் பார்க் என்ற ராக் குழுவும் ஜே-ஸீயும் தங்கள் ‘நம்ப்/என்கோர்’ மாஷப்பைப் பாடும்போது, ‘யெஸ்டர்டே’ பாட்டின் வரிகளோடு வந்து சேர்ந்துகொண்டவர் யார்? பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி! வக்கீல்கள் அன்று எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்களோ. கேட்பது தவறா என்பதை உங்கள் மனசாட்சியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் வக்கீல் அல்ல.

மென்பொருள் விஷயத்தில் பதற ஒன்றுமில்லை. 2019இல் டீசர் என்ற இசை நிறுவனம், குரலைப் பிரிக்கும் ஸ்பிளீட்டர் மென்பொருளை இலவசமாக வெளியிட்டதிலிருந்து யார் வேண்டுமானாலும் எந்தப் பாட்டிலிருந்தும் குரலை உரித்தெடுக்கலாம். உரித்ததை எதன்மேல் வைப்பது என்பதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. கலை வடிவமா என்ற கேள்வியில் எனக்கு ஆர்வமும் இல்லை. அந்தச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் எழுந்து உட்கார்ந்தவர் மறுபடி படுத்துவிடுவீர்களா?

பட்டியல் தரமாட்டேன். பட்டியல் கேட்கும் வாசகர்கள்மேல் எனக்குத் தீராத எரிச்சல் உண்டு. அடுத்தவர் தேடியதை வைத்து நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்? அதற்குப் பதில் வேலை ஒன்று தருகிறேன். கொஞ்ச நாள் மாஷப்பை விட்டுவிடுங்கள். ‘தி பிளாக் ஆல்பம்’ தொகுப்பை ரூபினும் மற்றவர்களும் அமைத்த மூல இசையோடு முழுவதும் கேளுங்கள். பிறகு குரல் மட்டும் உள்ள வடிவம், பிறகு பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பம். அதற்குப் பிறகு உங்கள் ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ கலவைக்குத் திரும்பிப் போய், அந்தப் போலீஸ்காரர் என்ன ஆனார் என்று பார்த்து எழுதுங்கள். ரூபின், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அந்தப் போலீஸ்காரர் வந்து நிற்க இடம் விட்டிருந்தார். கிதார் இரைச்சலில் அவர் பாதி அமுங்கிப்போய்விட்டார் என்பது என் கட்சி. மறுத்து எழுதினால் மகிழ்ச்சியோடு சண்டைபோடுவேன்.

அன்புடன்